கம்பியில் நல்லா இருந்த பேட்டரி

ஒரு வீட்டில் ஒரே ஒருவன் இயற்பியல் படித்துவிட்டால், அந்த வீட்டில் எது பழுதானாலும் அவன் தலையில்தான் விடியும். மிக்ஸி நின்றால் அவன். ஃபேன் முனகினால் அவன். கரண்ட் போனால்கூட அவன்தான் எங்கோ போய் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்த மாதிரி எல்லாரும் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். என் கதை இன்னும் மோசம். யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் நானே போய் நின்றுவிடுவேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில் எங்கள் தெருவில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவன் நான் ஒருவன்தான். பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வகப் பயிற்றுநர் வேலை கிடைத்திருந்தது. (வேலை தற்காலிகம்தான். ஆனால் அதற்குக் கொடுத்த வெள்ளைக் கோட்டு எனக்குள் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.) அந்த நாட்களில் நான் யாரிடம் பேசினாலும் பத்தாவது நிமிடம் கரும்பலகை இல்லாத குறை மட்டும்தான் இருக்கும். அம்மா கருவாடு காய வைக்கும்போது பக்கத்தில் நின்று ஆவியாதல் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவள் "தள்ளி நில்லுடா, நெழலு வுழுது" என்று சொன்னதுதான் அந்த வகுப்புக்குக் கிடைத்த ஒரே கேள்வி-பதில்.

எனக்கு அண்ணன் ஒருவன். பெயர் கன்னியப்பன். என்னைவிட வெகுவாக மூத்தவன். நைனாவுக்கு முழங்கால் போன பிறகு படகு, வலை, வீடு, என் படிப்பு எல்லாம் அவன் தோளில் ஏறிக்கொண்டன. அவனுக்குக் கல்யாணம் மட்டும் அமையவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான். "மாப்பிள்ளைக்கு மீஞ்சூர்ல கம்பெனி வேல எதுனா கீதா?" இல்லை என்றதும் டீ வரும். டீக்குப் பிறகு எதுவும் வராது. இப்படியே நாற்பதைத் தொட்டுவிடுவான் போலிருந்தபோது, ஏரிக்கு அந்தப் பக்கம் தீவில் இருக்கும் ஒரு குப்பத்திலிருந்து சம்மதம் வந்தது. பெண்ணின் பெயர் கோமதி. கம்பெனி வேலை பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. அண்ணன் அந்த வாரம் முழுக்கத் தானாகச் சிரித்துக்கொண்டு திரிந்தான். அவனுக்குச் சிரித்துப் பழக்கமில்லாததால் எங்களுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். எங்கள் வீட்டுச் சனம் தட்டோடு படகில் ஏரியைக் கடந்து போக வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மேல் எமகண்டம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும் என்று பெண்ணின் தாய்மாமன் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். அவர் நாள், நேரம் பார்ப்பதில் கெடுபிடியானவர் என்று கேள்வி. வேறு ஒன்றும் அவர்கள் கேட்கவில்லை. நேரத்தோடு வந்து நின்றால் போதும்.

சனிக்கிழமை காலை அண்ணன் ஒரு பேட்டரியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து வாசலில் வைத்தான். புத்தம் புதுசு. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"இன்னாண்ணா இது?" என்றேன்.

"நம்ம படகு பேட்டரி பேஜார் பண்ணுதுடா. ஒரு தபா கெளம்புது, இன்னொரு தபா டிக்குனு நின்னுக்குது. பொம்பளைங்கள ஏத்திக்கினு போறப்ப அசிங்கம் வாணாம்னு ஜெகன்கிட்ட கேட்டு வாங்கியாந்தேன். நாளிக்கு ஒரு நாளு இத்த மாட்டிக்கினு, நாளன்னிக்குக் குடுத்துடலாம்."

ஜெகன் எதிர்வீட்டுக்காரர். புதுப் படகுக்கு வாங்கிய பேட்டரியைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆகவே அங்கேயே அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. நல்லபடியாகத் தீர்ந்துபோன ஒரு பிரச்சினையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த வெள்ளைக் கோட்டு எழுந்து நின்றது.

"பேட்டரி கெட்டுப்போச்சுன்னு எப்படி முடிவு பண்ண? அளந்து பாத்தியா?"

"அளக்குறதா? டிக்குனு நிக்கிதுடா."

"அது ஸ்டார்ட்டர் கோளாறா இருக்கலாம், ஒயர் கோளாறா இருக்கலாம். அடுத்தவங்க பொருள வாங்குறதுக்கு முன்னாடி நம்ம பொருளு இன்னா நெலமைல கீதுன்னு தெரிய வேணாமா?"

அண்ணன் என்னையே பார்த்தான். என் படிப்புக்காக அவன் எத்தனையோ தடவை கடலுக்குப் போயிருக்கிறான். அந்தப் படிப்பு இப்போது எதிரே நின்று பேசும்போது வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "செரி, பாரு" என்றான்.

கல்லூரியில் சனிக்கிழமையும் ஆய்வகம் உண்டு. பேராசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி மின்னழுத்தமானியையும், ஒரு பவர் சப்ளையையும், கால்வனாமீட்டரையும் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினேன். மின்னழுத்தமானி என்பது ஒரு மீட்டர் நீளப் பலகை. அதில் ஒரே தடிமனான பத்துக் கம்பிகள் பக்கம் பக்கமாக இழுத்துக் கட்டியிருக்கும். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கண்டக்டர், "எந்தக் கோயில்ல கச்சேரி?" என்றார். நான் அவருக்கும் விளக்க ஆரம்பித்தேன். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் போய்விட்டார். பழவேற்காடு வரும்வரை முன்பக்கம் வரவே இல்லை.

ஒரு சாதாரண வோல்ட்மீட்டர் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். (அன்று யாராவது கேட்டிருந்தால் அவரைக் கும்பிட்டிருக்கலாம்.) வோல்ட்மீட்டர் பேட்டரியிலிருந்து துளி மின்னோட்டத்தைக் குடித்துவிட்டுத்தான் அளவு சொல்லும். குடித்த அளவுக்கு அதன் பதிலில் பிசகு இருக்கும். மின்னழுத்தமானி அப்படிப்பட்டதில்லை. அதன் பத்து மீட்டர் கம்பியில் பவர் சப்ளை ஒரு சீரான மின்னோட்டத்தை விட்டுக்கொண்டிருக்கும். கம்பியின் நீளத்துக்குத் தக்கபடி அழுத்தம் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். சோதிக்க வேண்டிய பேட்டரியை அதற்கு எதிராக நிறுத்திவிட்டு, ஜாக்கி என்கிற சின்னத் தொடுமுனையால் கம்பியைத் தொட்டுத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாகும். கால்வனாமீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்கும். அந்த இடத்தில் பேட்டரியிலிருந்து ஒரு பொட்டு மின்னோட்டம்கூட வெளியே வருவதில்லை. பேட்டரியை ஒன்றுமே கேட்காமல் அதன் முழு மின்னியக்கு விசையையும் தெரிந்துகொள்ளலாம். இதை நான் மாணவர்களிடம் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். அவ்வளவு நாகரிகமான கருவி உலகத்தில் வேறில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வலைக்கூடத்தில் இரண்டு ஐஸ் பெட்டிகளைச் சேர்த்துப் போட்டுப் பலகையை வைத்தேன். செய்தி பரவி, ஓய்வாக இருந்த ஆட்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். நைனா நாற்காலி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். (ஆமாம், அதையும் கொண்டு வந்திருந்தேன். ஏரிக்கரையில், உச்சி வெயிலில், நண்டு வலைகளுக்கு நடுவில்.)

முதலில் ஜெகனின் புதுப் பேட்டரியை இணைத்தேன். ஜாக்கியை நகர்த்தினேன். முள் இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது, எட்டாவது கம்பியில் அசையாமல் நின்றது. அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்தேன். பிறகு அதைக் கழற்றிவிட்டு எங்கள் பழைய பேட்டரியை இணைத்தேன். முள் ஓடியது, ஓடியது, அதே எட்டாவது கம்பியில், முதல் குறிக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

"பாத்துக்கோங்க" என்று நிமிர்ந்தேன். "புதுசுக்கும் பழசுக்கும் ஒரு விரற்கடைதான் வித்தியாசம். பேட்டரி நல்லா கீது!"

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். உடனே எல்லாரும் தட்டினார்கள். நைனா எழுந்து நின்று, "எம் புள்ள சொல்லிட்டான்ல? அவ்ளோதான். ஜெகனு, ஒம் பொருள நீ எடுத்துக்கினு போ" என்றார்.

இந்தச் சோதனைக்கு ஒரு இரண்டாம் பாதி உண்டு. பேட்டரியின் குறுக்கே ஒரு மின்தடையைப் போட்டு, அதை வேலை செய்ய வைத்து, அப்போது முள் நிற்கும் இடம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் பேட்டரியின் அகமின்தடை, அதாவது அது உள்ளுக்குள் எவ்வளவு நொந்துபோயிருக்கிறது என்பது தெரியும். போன வாரம்தான் அதை மாணவர்களுக்கு நடத்தியிருந்தேன். முதல் பாதியோடு நிறுத்தியவர்களுக்கு மதிப்பெண்ணையும் குறைத்திருந்தேன். ஆனால் அவர்களுக்கு யாரும் கைதட்டவில்லை. எனக்குத் தட்டிவிட்டார்கள். நான் பலகையைத் துணியில் சுற்றிவிட்டேன்.

ஜெகன் தயங்கினார். "எதுக்கும் ஒரு நாளு இருக்கட்டும்பா" என்றார். நான்தான் பேட்டரியை அவர் கையில் திணித்து, அவர் வீட்டு வாசல் வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை படகில் ஏறினோம். பட்டுப்புடவை கட்டிய பெண்கள், பழத்தட்டு, பூத்தட்டு, வெற்றிலைத்தட்டு, கோமதிக்கு எடுத்த அரக்குப் புடவை இருந்த தட்டு. என் அத்தை தட்டுகளுக்கெல்லாம் தளபதி மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலை எடுத்து வந்து, வழக்கமான இடத்தில் சொருகப் போனான். அதில் கிரீஸ் வழிந்துகொண்டிருந்தது.

"அது எதுக்குண்ணா?" என்றேன். "பேட்டரிதான் நல்லா கீதே. பொம்பளைங்க பொடவைல பட்டுடப் போவுது."

அத்தையும் "ஆமாண்டா, வெளிய வெச்சுட்டு வா" என்றாள். அண்ணன் ஹேண்டிலைக் கரையில் இருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். பொத்தானை அழுத்தினான். எஞ்சின் இருமியது, முனகியது, பிறகு கிளம்பிவிட்டது. அந்த முனகல் என் காதிலும் விழுந்தது. காலைக் குளிருக்கு அப்படித்தான் என்று பக்கத்திலிருந்த பெரியம்மாவுக்கு விளக்கம் சொன்னேன்.

ஏரியின் பாதியைத் தாண்டியிருப்போம். அடியில் ஏதோ இழுத்தது. எஞ்சின் சத்தம் கனத்தது. அண்ணன் சட்டென்று எஞ்சினை அணைத்தான். யாரோ அறுத்துவிட்ட துண்டு வலை ஒன்று படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. ஏரியில் இது அன்றாடம் நடப்பதுதான். அண்ணன் புதுச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, கத்தியால் அறுத்தெடுத்து, மேலே ஏறி, கையைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

டிக்.

மறுபடி அழுத்தினான். டிக். மூன்றாவது முறை அந்த டிக்கும் இல்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. அவன் பேட்டரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது, அந்த நட்ட நடு ஏரியில், எனக்கு இரண்டாம் பாதி முழுசாகப் புரிந்தது. என் அழகான கருவி அந்தப் பேட்டரியை ஒரு வேலையும் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் எந்தக் கிழட்டுப் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்டை நிமிர்ந்து நின்று காட்டும். எஞ்சினைத் தூக்கு என்று சொல்லும்போதுதான் அதன் அழுத்தமெல்லாம் உள்ளேயே கரைந்துபோகும். என் அளவில் ஒரு விரற்கடைகூடத் தப்பில்லை. தப்பான கேள்விக்கு அவ்வளவு துல்லியமாக நான் பதில் கண்டுபிடித்திருந்தேன். (இதை அப்போதே உரக்கச் சொன்னேன். அத்தை என் வாயில் வாழைப்பழத்தைத் திணிப்பதாக மிரட்டினாள்.)

கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தார்கள். அத்தனை பேர் பாரத்துக்குப் படகு நகர்ந்த லட்சணத்தைப் பார்த்து ஒரு கொக்குகூடப் பறக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் தண்ணீர் வற்றி, படகு சேற்றில் தட்டியது. ஆண்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினோம். முழங்கால் வரைக்கும் சேறு. சேற்றுக்குள் மட்டி ஓடுகள் பிளேடு மாதிரி இருந்தன. நான் தள்ளினேன், வழுக்கினேன், விழுந்தேன். விழும்போது பிடிமானத்துக்கு எதையோ பற்றினேன். அது பூத்தட்டு. மல்லிகையும் கதம்பமும் ஏரியில் மிதந்து போனதைப் பார்த்து என் பெரியம்மா அழ ஆரம்பித்தாள். நல்ல நாளில் பூ தண்ணீரோடு போகலாமா என்று அவள் கேட்டதற்கு நான் மிதப்பு விசை பற்றி ஆரம்பித்தேன்.

கடைசியில் நண்டு வலை போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு படகுதான் எங்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. பெண் வீட்டுக் கரையில் மேளக்காரர்கள் மேளத்தை உறையில் போட்டுக் கட்டிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. "வாங்க, வாங்க, மொதல்ல கால் கழுவுங்க" என்றார்கள். கோமதிதான் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அண்ணனின் பாதத்தில் மட்டி ஓடு கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மஞ்சளும் கிழித்த துணியும் எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்தாள். "நல்லா அழுத்திக் கட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் தலையாட்டினான். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது எனக்குத் தெரிந்து அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்ததும் தாய்மாமன் எங்கள் நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கோச்சிக்காதீங்க. எமகண்டம் பொறந்துடுச்சு, அதுக்கப்புறமும் இன்னிக்கு நல்ல நேரம் இல்ல, தட்டு மாத்த வாணாம். வழியில வேற நின்னுபோச்சு, பூவும் தண்ணியில போச்சுன்றாங்க. வேற நாளு பாத்து நாங்களே சொல்லி அனுப்புறோம்."

அங்கேயாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் எழுந்து போய், சேறு காய்ந்த சட்டையோடு அவர் எதிரே நின்றுகொண்டு, சகுனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் அகமின்தடைதான் காரணம் என்று ஆரம்பித்தேன். வெற்றிலைத்தட்டைப் பலகையாகவும் ஒரு பாக்கை ஜாக்கியாகவும் வைத்துச் செய்து காட்டினேன். அவர் பொறுமையாக முடியும் வரைக்கும் கேட்டார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "ஒன் தம்பி எப்பவும் இப்டித்தானா?" என்றார்.

"நல்ல பையன்ங்க" என்றான் அண்ணன். "படிச்சவன்."

சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் சொல்லி அனுப்பவில்லை. நைனா இரண்டு முறை ஆள் விட்டுப் பார்த்தார். அடுத்த தை மாதம் கோமதிக்குப் பொன்னேரிப் பக்கத்து மாப்பிள்ளையோடு அவள் குப்பத்திலேயே கல்யாணம் நடந்தது. அதற்கு எங்கள் குப்பத்துச் சனங்களை ஏற்றிக்கொண்டு போனது அண்ணனின் படகுதான். அதற்குள் புதுப் பேட்டரி மாட்டியிருந்தான். படகு எங்கேயும் நிற்கவில்லை.

எங்கள் தெருவில் அந்தச் சோதனை இன்றும் உயிரோடு இருக்கிறது. மீன் வாங்கும்போது அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நெஜமா நல்லா கீதா, இல்ல கம்பியில நல்லா கீதா?" என்பாள். மாப்பிள்ளை பார்க்கப் போய்விட்டு வந்தவர்களிடம் அதையேதான் கேட்பார்கள். எனக்குப் பெண் பார்த்தபோதும் அந்த வீட்டுக்காரர்கள் விசாரித்துவிட்டுத்தான் சம்மதித்தார்கள். என் மனைவி கல்யாணத்துக்கு மறுநாளே இந்தக் கதையை ஏழெட்டுப் பேரிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டாள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் நான் ஏரியில் விழுந்த ஆழம் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

இப்போது நான் மீஞ்சூரில் குடியிருக்கிறேன். அண்ணன் கோட்டைக்குப்பத்து வீட்டில் அம்மா, நைனாவோடு இருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு இடங்களையும் அவனே வேண்டாம் என்றுவிட்டான். காரணம் சொல்லவில்லை. என்னை அவன் ஒரு வார்த்தை திட்டியதும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வேன். "எப்டிண்ணா கீற?" என்று கேட்பேன்.

"கம்பியில நல்லா கீறேன்டா" என்பான். சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். நானும் சிரிப்பேன். பின்னால் அம்மா சிரிப்பதும் கேட்கும்.

அதற்கு அடுத்து அவனிடம் இரண்டாம் பாதியையும் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். அந்தப் பக்கம் காற்று எப்படி, மழை வருமா என்று விசாரித்துவிட்டு ஃபோனை வைத்துவிடுகிறேன்.